ஏழரை அடி

ஐந்நூறு டாலர் பரிசு. அறிவித்தவர் ஹெர்மன் ஓல்ரிக்ஸ். நியூயார்க்கின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். கப்பல் கம்பெனி ஏஜென்ட். வருஷம் 1891.

பரிசு எதற்கு என்கிறீர்களா? அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில், வட கரோலினாவின் ஹேட்டரஸ் முனைக்கு வடக்கே, ஒரு மனிதனைச் சுறா தாக்கியதாக யாராவது நிரூபித்துக் காட்டட்டும். பணத்தை எண்ணி வைக்கிறேன் என்றார் மனிதர்.

அன்றைய தொழிலாளி ஒருவருக்கு அது ஏறக்குறைய ஒரு வருஷச் சம்பளம். சும்மா விடுவார்களா? விட்டார்கள். ஒருத்தரும் வரவில்லை. 1906-ல் ஓல்ரிக்ஸ் காலமானபோதும் பரிசுப் பணம் அப்படியேதான் இருந்தது.

பணக்காரர் விளையாட்டு என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் படித்தவர்கள் ஒதுக்கவில்லை. அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த ஃப்ரெடரிக் லூகாஸ் இதையே ஒரு சாட்சியமாக எடுத்து வைத்தார். பரிசை யாரும் கேட்டு வரவில்லை அல்லவா? அப்படியானால் சுறா யாரையும் கடிக்கவில்லை. தவிரவும், மனிதனின் கால் எலும்பைத் துண்டிக்கிற பலம் சுறாவின் தாடைக்குக் கிடையாது என்பது அவர் கட்சி. 1915 ஆகஸ்ட்டில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை, சுறாக்களுக்கு நியாயம் கேட்டு ஒரு தலையங்கமே எழுதியது.

நான் பி.காம். படித்தவன். வவுச்சர் இல்லை என்பதற்காகச் செலவே நடக்கவில்லை என்று எந்த ஆடிட்டரும் எழுதிக் கொடுக்கமாட்டார். விஞ்ஞானிகள் எழுதிக் கொடுத்தார்கள்.

அடுத்த ஜூலையில் வவுச்சர் வந்தது. ஒன்றல்ல, ஐந்து.

1916 கோடை. ஐரோப்பாவில் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கா இன்னும் உள்ளே இறங்கவில்லை. நியூயார்க்கில் போலியோ குழந்தைகளை வாரிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. வெயிலோ சொல்லி மாளாது. வசதி உள்ளவர்கள், அவ்வளவாக இல்லாதவர்கள் எல்லோரும் ரயில் பிடித்து நியூ ஜெர்சி கடற்கரைக்குப் போனார்கள். கடலில் குளிப்பது அப்போதுதான் பெரிய ஃபேஷனாகிக்கொண்டிருந்தது.

ஜூலை 1, சனிக்கிழமை. பீச் ஹேவன் என்ற ஊர். ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வந்திருந்த சார்லஸ் வான்சன்ட் என்ற இளைஞர், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு குளியல் போடலாம் என்று கடலில் இறங்கினார். கூடவே ஒரு நாய். கொஞ்ச நேரத்தில் அவர் கத்த ஆரம்பித்தார். கரையில் இருந்தவர்கள் நாயைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தார்கள். ஓடிப்போய் இழுத்து வந்தபோது இடது தொடையில் சதையே இல்லை. எங்கில்சைட் ஹோட்டல் மேனேஜரின் மேஜை மேல் படுக்க வைத்தார்கள். மாலை ஆறே முக்காலுக்கு, ரத்தம் எல்லாம் போய், அங்கேயே உயிர் பிரிந்தது.

ஊர் பதறியிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. சுறா நாயைக் கடிக்க வந்து, தவறுதலாக இவரைக் கடித்திருக்கும் என்று மீன்துறை அதிகாரி ஒருவரே சொன்னார். குளிப்பதற்குத் தடை ஏதும் இல்லை.

ஜூலை 6. பீச் ஹேவனுக்கு வடக்கே 72 கிலோமீட்டரில் ஸ்பிரிங் லேக். எஸக்ஸ் அண்ட் சஸக்ஸ் என்ற ஆடம்பர ஹோட்டலில் சுமை தூக்கும் பையன்களுக்குத் தலைவராக இருந்தவர் சார்லஸ் ப்ரூடர். சுவிட்சர்லாந்துக்காரர். வயது 27. ஓய்வு நேரத்தில் நீந்தப் போனார். கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி உயிர்காப்பாளர்களிடம் ஓடி வந்து, சிவப்பு அடிப்பாகம் கொண்ட ஒரு சிறு படகு கவிழ்ந்துவிட்டது என்றார். படகு இல்லை. ப்ரூடரின் ரத்தம். இரண்டு கால்களும் போய்விட்டிருந்தன. கரை சேருவதற்குள் முடிந்துவிட்டது. ஹோட்டல் விருந்தினர்களும் ஊழியர்களும் காசு திரட்டி, ஊரில் இருந்த அவருடைய அம்மாவுக்கு அனுப்பினார்கள்.

இரண்டு நாள் கழித்து, ஜூலை 8-ல், அருங்காட்சியகம் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டது. லூகாஸ், மீன்களில் நிபுணரான ஜான் நிக்கோல்ஸ், ராபர்ட் குஷ்மன் மர்ஃபி மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். மூன்றாவது சம்பவத்துக்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் கரையை ஒட்டியே குளியுங்கள். இதுதான் சாராம்சம்.

மூன்றாவது சம்பவம் கடலிலேயே நடக்கவில்லை.

மேட்டவான், ஸ்பிரிங் லேக்குக்கு வடக்கே 48 கிலோமீட்டரில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் சின்ன ஊர். அங்கே நின்று பார்த்தால் கடல் கண்ணில் படாது. ஊரை ஒட்டி ஓர் ஓடை. நம்மூர் உப்பங்கழி மாதிரி, கடல் பொங்கினால் ஏறும், வடிந்தால் இறங்கும். சேறும் கலங்கலுமான அந்தத் தண்ணீரில் பையன்கள் மத்தியானம் குதித்து விளையாடுவார்கள். ஜூலை 12 அன்று, தாமஸ் காட்ரெல் என்ற கப்பல் கேப்டன் அந்த ஓடையில் எட்டடி நீளத்துக்கு ஒரு சுறா போவதைப் பார்த்தார். ஊருக்குள் ஓடி வந்து சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓடையில் சுறாவா? போய் வேலையைப் பாருங்க தாத்தா!

மத்தியானம் சுமார் இரண்டு மணி. லெஸ்டர் ஸ்டில்வெல் என்ற 11 வயதுப் பையன் நண்பர்களோடு ஓடையில் விளையாடிக்கொண்டிருந்தான். ஒரு நொடியில் தண்ணீருக்குள் போய்விட்டான். மற்ற பையன்கள் அம்மணமாகவே ஊருக்குள் ஓடினார்கள். சுறா, சுறா என்று கத்தினார்கள். லெஸ்டருக்கு வலிப்பு நோய் உண்டு. அதனால் பெரியவர்கள், வலிப்பு வந்து மூழ்கியிருப்பான் என்றே நினைத்து ஓடினார்கள். அவர்களில் ஒருவர் ஸ்டான்லி ஃபிஷர். 24 வயது. உள்ளூரில் சிறு தொழில் நடத்திவந்தவர். பையனின் உடலையாவது எடுத்துவிடலாம் என்று ஓடைக்குள் குதித்தார். ஊரே கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய வலது தொடையைச் சுறா கவ்வியது. மாலை ஐந்தரை மணிக்கு ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அரை மணி நேரத்துக்குள், அரை மைல் தள்ளி, ஜோசப் டன் என்ற இன்னொரு சிறுவன். நியூயார்க்கிலிருந்து வந்திருந்தவன். இடது காலைச் சுறா பிடித்துக்கொண்டது. அண்ணனும் நண்பனும் இந்தப் பக்கம் இழுக்க, அது அந்தப் பக்கம் இழுக்க, ஒருவழியாக மீட்டுவிட்டார்கள். ஐந்து பேரில் பிழைத்தவன் அவன் ஒருவன்தான்.

பன்னிரண்டு நாள். நான்கு உயிர்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. ஓடையில் டைனமைட் வெடித்தார்கள். மேட்டவான் மேயர் 100 டாலர் பரிசு அறிவித்தார். குளியல் துறைகளைச் சுற்றிக் கம்பி வலை கட்டினார்கள். ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களின் சதி என்றுகூட ஒருவர் பத்திரிகைக்கு எழுதினார். ஹோட்டல்காரர்களுக்கு இரண்டரை லட்சம் டாலர் நஷ்டம் என்று கணக்குச் சொன்னார்கள். விஷயம் ஜனாதிபதி வில்சனின் மந்திரிசபை வரைக்கும் போயிற்று. அந்த நவம்பரில் தேர்தல் வேறு. சுறாவால் நியூ ஜெர்சி கடற்கரைப் பகுதிகளில் வில்சனுக்கு ஓட்டுக் குறைந்தது என்று ஆக்கன், பார்ட்டெல்ஸ் என்ற இரண்டு அரசியல் பேராசிரியர்கள் பல வருஷம் கழித்துக் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு நிற்காது என்று 2018-ல் வேறு இரண்டு பேர் மறுத்தார்கள். மீன் கடித்ததற்கு அரசாங்கம் என்ன செய்யும், பாவம்!

சரி, யார் கடித்தது? இதற்குத்தான் ஊரே அலைந்தது. ஜூலை 14-ல் பதில் கிடைத்துவிட்டதாக எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். மைக்கேல் ஷ்லைசர் என்றொரு ஆசாமி. நியூயார்க்கின் ஹார்லெம்வாசி. விலங்குகளைப் பாடம் செய்து வைப்பது தொழில். அதற்கு முன் சர்க்கஸில் சிங்கம் பழக்கியவராம். மேட்டவான் ஓடை போய்ச் சேருகிற ராரிட்டன் விரிகுடாவில் வலை போட்டபோது ஒரு சுறா சிக்கியது. படகையே கவிழ்க்கப் பார்த்தது. உடைந்த துடுப்பால் அதை அடித்துக் கொன்றார். வயிற்றைக் கிழித்தால் உள்ளே ஏழு கிலோவுக்குச் சதையும் எலும்பும். பார்த்த விஞ்ஞானிகள் இது மனித மிச்சம்தான் என்றார்கள். இது வெள்ளைச் சுறா, இளசு என்றார்கள்.

நீளம் ஏழரை அடி. (நம் ஊரில் ஏழரை என்றாலே என்ன என்பது உங்களுக்குத் தெரியும்.) எடை 325 பவுண்டு. அதாவது 147 கிலோ.

அதற்கப்புறம் அந்தக் கோடையில் அங்கே யாரையும் எதுவும் கடிக்கவில்லை. கேஸ் முடிந்தது. ஃபைலை மூடிவிட்டார்கள்.

நூறு வருஷத்துக்கும் மேலாக அந்த ஃபைல் மூட மாட்டேன் என்கிறது. காரணம் இன்னொரு சுறா. காளைச் சுறா. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் சண்டை எங்கே என்று புரியும். நமக்கெல்லாம் சுறா என்றால் புட்டுதான் ஞாபகம் வரும். கொஞ்ச நேரம் அதை மறந்துவிட்டு வாருங்கள்.

வெள்ளைச் சுறாதான் 'ஜாஸ்' படத்தின் ஹீரோ. அல்லது வில்லன். 1975-ல் ஸ்பீல்பெர்க் எடுத்த அந்தப் படத்தில் நியூ ஜெர்சியின் 1916 சம்பவம் வசனத்திலேயே வரும். படத்தில் சுறாவை 25 அடி ஆக்கிவிட்டார்கள். சினிமா அல்லவா. நிஜத்தில் வளர்ந்த பெண் 15, 16 அடி இருக்கும். அபூர்வமாக 20 அடியைத் தொடும். ஆண் அதைவிடச் சின்னது, 11 முதல் 13 அடி. (சுறா உலகில் பெண்ணே பெரிது. பெரும்பாலான இனங்களில் இதுதான் கதை.) பெரிய பெண் ஒன்று ஒரு டன்னைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும்.

காளைச் சுறாவுக்கு இவ்வளவு உடம்பு கிடையாது. பெண் சராசரியாக எட்டடி, 130 கிலோ. ஆண் ஏழேகால், ஏழரை அடி, 95 கிலோ. பதினோரு அடியைத் தாண்டினால் அது அசுரன். குட்டையான, மழுங்கின மூக்கு. உருண்டு திரண்ட உடம்பு. முட்ட வருகிற மாட்டைப் போல இருப்பதால்தான் அந்தப் பெயர்.

இப்போது அந்த ஏழரையை வைத்துப் பாருங்கள். ஏழரை அடி வெள்ளைச் சுறா ஒரு சிறுசு. பிறக்கும்போதே அது நாலு, ஐந்து அடி. அதற்கு மேல் சில வருஷம் வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதே ஏழரை அடியில் காளைச் சுறா, கல்யாண வயசைத் தாண்டின முழு ஆள். அடி ஸ்கேலில் இரண்டும் ஒன்று. ஒன்று ஸ்கூல் பையன், இன்னொன்று குடும்பஸ்தன்.

வயசுக் கணக்கு இன்னும் வேடிக்கையானது. சுறாவின் முதுகெலும்பில், மரத்தில் இருப்பது போல, வளையங்கள் விழும். ஆனால் வளையம் ஒன்றுக்கு ஒரு வருஷம் என்று நம்பிவிட முடியாது. 1950, 60-களில் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கதிரியக்கக் கார்பனை அதிகமாக்கின. அது கடலுக்கும் போனது, சுறாவின் எலும்புக்கும் போனது. அந்தத் தடயத்தைக் கடிகாரமாக வைத்து, வட அட்லாண்டிக்கின் ஆண் வெள்ளைச் சுறா ஒன்றுக்கு 73 வயது என்று 2014-ல் கண்டுபிடித்தார்கள். பெண் வெள்ளைச் சுறா தாயாகிற பக்குவத்துக்கு வர 33 வருஷம் ஆகலாம் என்று அடுத்த வருஷம் ஒரு கணக்கு வந்தது. காளைச் சுறா இதில் பாதி வயசிலேயே தயாராகிவிடுகிறது.

இரண்டுமே குட்டி போடும் சுறாக்கள். ஆனால் உள்ளே நடப்பது வேறு. காளைச் சுறாவின் குட்டிக்குத் தாயோடு நஞ்சுக்கொடி உண்டு, நம்மைப் போலவே. வெள்ளைச் சுறாவின் குட்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தாயின் வயிற்றுக்குள் கருவாகாத முட்டைகள் வந்துகொண்டே இருக்கும். அவற்றைத் தின்றே குட்டி வளரும். பிறக்குமுன்பே சாப்பாட்டுப் பழக்கம்! அதனால்தான் வெளியே வரும்போதே நாலடி. காளைக் குட்டி பிறக்கும்போது இரண்டு, இரண்டரை அடிதான்.

இந்த அளவு வித்தியாசம்தான் எங்கே பிள்ளை வளர்ப்பது என்பதையும் தீர்மானிக்கிறது. இரண்டடிக் குட்டியைக் கடலில் விட்டால் பெரிய சுறாக்கள் ஒரே வாயில் முடித்துவிடும். எனவே காளைச் சுறா முகத்துவாரங்களுக்கும் கழிமுகங்களுக்கும் வந்து குட்டி போடும். அந்தக் குட்டி முதல் சில வருஷங்களை உப்புக் குறைந்த தண்ணீரில் கழிக்கும். நாலடிக் குட்டிக்கு அந்தக் கவலை குறைவு. கரையோரக் கடலே போதும். அப்படி ஒரு குட்டி வளர்க்கும் இடம் எங்கே இருக்கிறது தெரியுமா? நியூயார்க், நியூ ஜெர்சிக்கு எதிரே உள்ள கடலில்! 2016-ல், சம்பவம் நடந்து சரியாக நூறு வருஷம் கழித்து, லாங் ஐலண்டுக்கு அப்பால் பிறந்து ஒரு வயதுகூட ஆகாத வெள்ளைச் சுறாக் குட்டிகளைப் பிடித்து, அடையாளக் கருவி பொருத்தி விட்டார்கள். சுற்றிச் சுற்றி அந்தப் பக்கத்திலேயே இருந்தன. ஆக, 1916-ல் ராரிட்டன் விரிகுடாவில் ஏழரை அடி வெள்ளைச் சுறா ஒன்று சிக்கியதில் ஆச்சரியமே இல்லை. அதன் சொந்த ஊர் அது.

வெள்ளைச் சுறாவின் ரத்தத்துக்கு இன்னொரு சாமர்த்தியம் உண்டு. மீன் என்றால் குளிர்ந்த ரத்தம், சுற்றியுள்ள தண்ணீர் என்ன சூடோ அதே சூடு என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? இது விதிவிலக்கு. தசைகள் உழைப்பதால் வருகிற சூட்டை, ரத்தக் குழாய்களின் பின்னலால் உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். வயிறு, வெளித் தண்ணீரைவிடப் பத்துப் பதினான்கு டிகிரிகூட அதிகமாக இருக்கும். அதனால் குளிர்ந்த கடலிலும் வேகமாகப் பாய முடியும். காளைச் சுறாவுக்கு அந்த ஹீட்டர் கிடையாது. வெயில் கொளுத்துகிற கோடையில் வெதுவெதுப்பான தண்ணீரோடு வடக்கே வரும், மாசசூசெட்ஸ் வரைகூட. குளிர் ஆரம்பித்தால் தெற்கே திரும்பிவிடும்.

வெள்ளைச் சுறாவால் முடியாத ஒன்றைக் காளைச் சுறா செய்யும். கேஸின் முடிச்சே அதில்தான்.

சுறாவின் ரத்தத்தில் உப்போடு யூரியாவும் ஏராளமாகக் கலந்திருக்கும். (சுறா மீனைச் சரியாகக் கழுவாவிட்டால் வீடே நாறுவது இதனால்தான்.) கடல் தண்ணீர் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு அடர்த்தி உள்ளேயும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடல், உடம்பிலிருந்து தண்ணீரை உறிஞ்சிவிடும். இந்த ஏற்பாட்டோடு ஒரு சுறாவை ஆற்றில் விட்டால்? தண்ணீரில் போட்ட உலர்ந்த திராட்சை உப்புவது போலத்தான். வெளித் தண்ணீர் உள்ளே புகும், உள்ளிருக்கும் உப்பு வெளியே போகும். பெரும்பாலான சுறாக்கள் செத்துப்போகும்.

காளைச் சுறா சாகாது. ஆற்றுக்குள் நுழைந்ததும் கல்லீரல் யூரியா தயாரிப்பைக் குறைத்துவிடும். கடலில் அதிக உப்பை வெளியே தள்ளுகிற சுரப்பி ஒன்று மலக்குடல் பக்கம் இருக்கிறது. அது ஏறக்குறைய லீவு போட்டுவிடும். சிறுநீரகம் ஓவர்டைம் பார்த்து, நீர்த்த சிறுநீராகக் கொட்டித் தள்ளும். செவுள்கள் தண்ணீரில் இருக்கிற கொஞ்சநஞ்ச உப்பையும் இழுத்துக்கொள்ளும். திரும்பக் கடலுக்குப் போனால் எல்லாம் தலைகீழ். பெரு நாட்டின் இக்கிட்டோஸ் வரைக்கும், அமேசான் நதியில் கடலிலிருந்து 3,500 கிலோமீட்டருக்கும் மேலே, காளைச் சுறா போயிருக்கிறது. 1937-ல் மிசிசிப்பி ஆற்றில் இல்லினாய் மாநிலத்தின் ஆல்டன் என்ற ஊரில் ஒன்று பிடிபட்டது. நம் கங்கைப் பக்கம் மனிதர்களைக் கடித்ததாகக் கங்கைச் சுறா என்ற பாவப்பட்ட இனத்தின் மேல் போட்ட பழிகளில் பலவும் உண்மையில் காளைச் சுறாவுக்கே சேர வேண்டியவை என்கிறார்கள்.

இதெல்லாம் 1916-ல் தெரியாதா? இந்த இடத்தில்தான் லூகாஸ் கோஷ்டிமேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் வருகிறது. நிகரகுவா ஏரியில், நன்னீரில், சுறாக்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது கடலோடு தொடர்பறுந்து ஏரியிலேயே வாழ்கிற தனி இனம் என்று 1877-ல் பெயர் வைத்துவிட்டார்கள். கடலில் இருக்கிற காளைச் சுறாவும் அதுவும் ஒன்றே என்று தீர்மானித்தது 1961-ல். பிறகு தாமஸ் தார்சன் என்ற ஆய்வாளர், சுறாக்களுக்கு அடையாளச் சீட்டுக் குத்தி விட்டுப் பார்த்தார். ஏரியில் விட்டது கடலில் சிக்கியது, கடல் பக்கம் விட்டது ஏரியில் சிக்கியது. நடுவில் இருக்கும் சான் ஹுவான் ஆற்றின் பாறைச் சரிவுகளைத் தாண்டி, சில சுறாக்கள் ஏழு முதல் பதினோரு நாளில் போய்ச் சேர்ந்திருந்தன. அதாவது மேட்டவான் பையன்கள் கத்திக்கொண்டு ஓடிய நாளில், கடல் சுறா ஒன்று தானாக விரும்பி ஆற்றுக்குள் ஏறி வரும் என்பது பாடப்புத்தகத்திலேயே இல்லாத பாடம். கேப்டன் காட்ரெல் கண்ணால் பார்த்தார். ஊர் பாடப்புத்தகத்தின் பக்கம் நின்றது.

அப்படியானால் ஓடையில் கடித்தது காளைதானே? இங்கே கொஞ்சம் பொறுங்கள். வெள்ளைச் சுறா கட்சிக்காரர்களிடமும் சரக்கு இருக்கிறது. மேட்டவான் ஓடை சுத்தமான ஆறு அல்ல, கடல் நீர் ஏறும் ஓடை. ஜூலை 15-ல் பௌர்ணமி. பௌர்ணமியை ஒட்டிக் கடல் பொங்கும்போது ஓடையில் உப்பு கூடும். வழி தவறிய ஒரு வெள்ளைச் சுறாச் சிறுசு சில மணி நேரம் அதில் தாக்குப் பிடிக்கலாம். தவிரவும், அந்த நாட்களில் அந்த ஓடையிலோ விரிகுடாவிலோ காளைச் சுறா எதுவும் பிடிபடவில்லை. பிடிபட்டது வெள்ளைச் சுறா. அதன் வயிற்றில் மனித எலும்பு. நிக்கோல்ஸ் போன்ற ஒரு மீன் நிபுணர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டிருக்க வாய்ப்பில்லை. வெள்ளைச் சுறாவின் வால் பிறை நிலா மாதிரி, மேலும் கீழும் ஏறக்குறைய சமம். காளைக்கு மேல்பாதி நீளம். கீழ்த்தாடைப் பல்லும் வேறு. காளைக்கு மெலிந்த, குத்தூசிப் பல். வெள்ளைக்கு அங்கேயும் ரம்பப் பல்.

காளைக் கட்சிக்காரர்கள் விடுவார்களா? ஏழரை அடி வெள்ளைச் சுறாவின் சாப்பாடு முக்கியமாக மீன். பத்தடி வாக்கில் வளர்ந்த பிறகே சீல் போன்ற பெரிய உருப்படிகளுக்கு மாறும். ஒரே மத்தியானத்தில் மூன்று மனிதர்களைத் தாக்குகிற வேலை அந்த வயசுக்கு அதிகம். காளைக்கோ கலங்கல் தண்ணீரும் குறுகலான இடமும் சொந்த வீடு. கடி பலத்திலும் சளைத்ததல்ல. பல சுறா இனங்களை 2012-ல் ஒப்பிட்டபோது, உடம்பின் அளவுக்கு அதிகபட்சக் கடி பலம் இதற்குத்தான் என்று தெரிந்தது. கால் எலும்பைத் துண்டிக்கச் சுறாவால் முடியாது என்று சொன்ன லூகாஸ் இதைப் படித்திருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், கேள்வியிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. ஒரே ஒரு குற்றவாளி என்று யார் சொன்னது? பன்னிரண்டு நாள், 120 கிலோமீட்டர் கடற்கரை, இரண்டு கடல் சம்பவம், ஓர் ஓடைச் சம்பவம். பத்திரிகைகளுக்கு ஒரு 'மனித வேட்டை மிருகம்' தேவைப்பட்டது. ஊருக்கு நிம்மதி தேவைப்பட்டது. ஷ்லைசரின் மீன் இரண்டையும் கொடுத்தது. கடலில் வான்சன்ட்டையும் ப்ரூடரையும் கொன்றது வெள்ளைச் சுறா, ஓடைக்குள் வந்தது காளைச் சுறா என்று பிரித்துக் கணக்கு எழுதினால் இரண்டு பக்கமும் ஓரளவு டேலி ஆகிறது. எலும்பு யாருடையது என்ற ஓர் ஐட்டம் மட்டும் இடிக்கும். அது ப்ரூடருடையதாக இருக்கலாம், ஃபிஷருடையதாக இருக்கலாம். டி.என்.ஏ. சோதனை பிறக்க இன்னும் எழுபது வருஷம் பாக்கி இருந்த காலம்.

லெஸ்டரின் உடல், ஷ்லைசர் சுறாவைப் பிடித்த அதே ஜூலை 14-ல், அவன் மூழ்கிய இடத்திலிருந்து 150 அடி மேலே கிடைத்தது. அவனையும், அவனைத் தேடிக் குதித்த ஃபிஷரையும் மேட்டவானின் ரோஸ் ஹில் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். ஜோசப் டன் செப்டம்பர் 15-ல் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தான். நிக்கோல்ஸும் மர்ஃபியும் அக்டோபரில் தங்கள் பழைய அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டு எழுதினார்கள்.

ஓல்ரிக்ஸின் ஐந்நூறு டாலரை யாரும் போய்க் கேட்டதாகத் தெரியவில்லை.

ஷ்லைசர் தன் தொழில்காரர் அல்லவா? சுறாவைப் பாடம் செய்து, மன்ஹாட்டனில் பிராட்வே தெருக் கடை ஒன்றின் கண்ணாடி ஜன்னலில் வைத்தார். கூட்டம் அலைமோதியது. பிறகு எப்போதோ அந்தச் சுறா காணாமல் போய்விட்டது. மிச்சம் இருப்பது 'பிராங்க்ஸ் ஹோம் நியூஸ்' பத்திரிகையில் வந்த ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ.